வாரியத்தின் மூக்கு

குடிநீர் அலுவலகத்துக்குப் புகார் சொல்ல வருகிறவர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று ஓர் ஆய்வு நடந்தது. தண்ணீர் வராதது காரணம் இல்லை, பதில் சொல்கிறவரின் முகம்தான் காரணம் என்று ஆய்வு கண்டுபிடித்தது. ஆய்வு செய்தவர்கள் வீட்டில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் ஓர் உத்தரவு வந்தது. பொதுமக்களுக்கு எதிரில் உட்காருகிற ஊழியர்கள் எல்லோரும் ஏற்கெனவே இருக்கிற முகத் தர நிர்ணய வாரியத்தில் அளவு கொடுத்து, சான்றிதழ் வாங்கி, ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டிவைக்க வேண்டும். குழாயை மாற்றுவதைவிட முகத்தை மாற்றுவது சுலபம் என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது.

பிளாஸ்டர் வேலை செய்கிற சீலிங்காரர் ஒருவரின் மனைவி அந்த அலுவலகத்தின் விசாரணை ஜன்னலில் பதினாலு வருஷமாக உட்கார்ந்திருப்பவர். ஊரே அவரை விசாரணை அக்கா என்றுதான் கூப்பிடும். எந்தத் தெரு வால்வு மக்கர் பண்ணும், எந்த வீட்டு மோட்டார் பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. திட்டிக்கொண்டே வருகிறவர்கள் அவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். தண்ணீர் என்னவோ அப்புறமும் வராது.

அவருக்கு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. மூக்கு, தரத்திலிருந்து விலகல் நாலரை மில்லிமீட்டர். அனுமதிக்கப்பட்ட விலகல் மூன்று. முப்பது நாளுக்குள் மறு அளவீட்டில் தேறாவிட்டால், பொதுமக்கள் பார்வையில் படாத பணிக்கு மாற்றப்படுவார். பார்வையில் படாத பணி என்றால் தரைக்குக் கீழே உள்ள பழைய மீட்டர் கிடங்கு. அங்கே ஒரு பல்பு, ஒரு ஸ்டூல், ஓடாத மீட்டர்கள் ஒன்பதாயிரம். ஆள் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அக்காவுக்குத் தலைவலி வந்துவிடும். ஓய்வு பெற இன்னும் பதின்மூன்று வருஷம் இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா கண்ணாடி முன்னால் நின்று மூக்கை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சீலிங்காரர் வேலையிலிருந்து தலையெல்லாம் வெள்ளைத் தூளாக வந்து நின்றார். வீடுகளின் கூரைக்கு அடியில் பிளாஸ்டரில் பூவும் கரையும் வைப்பது அவர் தொழில். பேச்சு அவ்வளவாக வராது.

"இத்தன வருஷமா நல்லாத்தான இருந்துச்சு" என்றார்.

"எது? வேலையா, மூக்கா?"

சீலிங்காரர் மாட்டிக்கொண்டார். குளிக்கப் போகிறேன் என்று நழுவிவிட்டார்.

மறுநாள் காலை இரண்டு பேரும் வாரியத்துக்கு மேல்முறையீட்டு மனுவோடு போனார்கள். நாலு மாடிக் கட்டடம். லிஃப்டில் மட்டும் கண்ணாடி கிடையாது, ஊழியர்கள் மனம் தளர்ந்துவிடுகிறார்களாம். கீழ்க்கூடத்தில் அறுபது எழுபது பேர் மூக்கையும் தாடையையும் தடவியபடி காத்திருந்தார்கள்.

சரியாகப் பத்து மணிக்கு மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். மூன்று பேர் மூன்று சாவியோடு வந்து ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு வெள்ளைப் பிளாஸ்டர் முகம் இருந்தது. வாரியம் தொடங்கிய அன்று, பதினோரு வருஷத்துக்கு முன்னால், தலைமையகத்திலிருந்து கப்பலில் வந்த தர முகம் அதுதான். ஏழு அளவை அலுவலர்கள் கையுறை மாட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் எஃகுக் காலிப்பரால் அந்த மூக்கை மூன்று முறை கவ்விப் பிடித்து, கருவியின் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்கள். தர முகத்தின் மூக்கைக் கவ்வாத கருவியால் எந்தக் குடிமகனின் மூக்கையும் தொடக் கூடாது என்பது விதி. பிறகு பெட்டியைப் பூட்டினார்கள். கூடம் உட்கார்ந்தது.

சீலிங்காரருக்கு முகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிளாஸ்டரைப் பற்றித் தெரியும். மாடிப்படித் திருப்பத்தில் வருகிறவர் போகிறவர் தோள் உரசி உரசிச் சுவர் மூலை மழுங்கிப்போய் மஞ்சளாகப் பளபளக்கும். அந்த மூக்கு அப்படித்தான் பளபளத்தது. சொல்லலாமா என்று அவர் யோசிப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

இயக்குநரும் துணை இயக்குநரும் ஒரே மேஜைக்கு இரண்டு பக்கமும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். கொள்கை வேறுபாடு. மனுவை வாங்கிய இயக்குநர் படிக்காமலே பேசத் தொடங்கினார்.

"அழகுங்கறது உலகம் பூரா ஒண்ணுதாம்மா. ஊருக்கு ஊரு மாற அது என்ன பேச்சுவழக்கா? பச்சக் கொழந்தகிட்ட ரெண்டு படம் காட்டுனா, அழகான மொகத்தத்தான் பாக்கும். வாரியமே சோதன பண்ணியிருக்கு."

"எந்தக் கொழந்த சார்?" என்றார் அக்கா.

"என் பேரன்."

"யாரு படத்தப் பாத்தான்?"

"என் படத்த" என்றார் இயக்குநர், கொஞ்சம் அடக்கத்தோடு.

துணை இயக்குநர் நாற்காலியைத் திருப்பினார். "அது அவரோட கருத்து. நான் அதுக்கு நேர் எதிர். அழகுங்கறது அந்தந்த சமூகம் உண்டாக்கிக்கிறது. ஒரு எடத்துல நீளக் கழுத்து அழகு, இன்னொரு எடத்துல குண்டுக் கன்னம் அழகு. ஒருத்தர் அளவுகோல இன்னொருத்தர் மேல வைக்கறது மாபெரும் வன்முறை. இத நான் மூணு புத்தகத்துல எழுதியிருக்கேன்."

அக்காவுக்கு உயிர் வந்தது. "அப்ப என் மூக்கு பரவாயில்லங்களா சார்?"

"இல்லம்மா. நம்ம சமூகத்துக்குன்னு ஒரு அளவுகோல் இருக்குல்ல? அதுல நீங்க நாலரை மில்லி தள்ளி இருக்கீங்க."

"அந்த அளவுகோல் எங்க சார் இருக்கு?"

துணை இயக்குநர் கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார். கண்ணாடிப் பெட்டிதான். உலகப் பொதுவான அழகும் இந்த மண்ணுக்கே உரிய அழகும் ஒரே பெட்டிக்குள் இருப்பது அவர்கள் இரண்டு பேருக்கும் உறுத்தவில்லை.

"சார், அந்த மூக்கு தேஞ்சிருக்கு" என்றார் சீலிங்காரர்.

இரண்டு பேரும் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"ஒரு நாளைக்கு இருபத்தியோரு தடவ இரும்பு படுது. பதினோரு வருஷம். பிளாஸ்டர் தாங்காது சார். எப்படியும் நாலு, நாலரை மில்லி போயிருக்கும்."

இயக்குநர் அலமாரியிலிருந்து தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்துப் போட்டார். 'மக்கள் மூக்கின் அபாயகரமான வளர்ச்சி: பதினோராம் ஆண்டறிக்கை' என்று அட்டையில் இருந்தது. "தரம் தேயாதுப்பா. இந்த நாட்டு ஜனங்க மூக்குதான் வளருது. வருஷத்துக்குப் பாயிண்ட் நாலு மில்லிமீட்டர். கைக்கொழந்தையிலேர்ந்து கெழவங்க வரைக்கும் எல்லாருக்கும் ஒரே அளவு வளருது, அதுதான் அதிசயம்."

"அந்நியப் பழக்கவழக்கம்" என்றார் துணை இயக்குநர்.

"ஒழுக்கக் கேடு" என்றார் இயக்குநர்.

மனு தள்ளுபடியானது. அக்கா வழியெல்லாம் பேசவில்லை. அக்கா பேசாமல் பஸ்ஸில் வந்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் பத்தாம் நாள் வாரியத்தின் கடைநிலை ஊழியர் ஒருவர், முத்திரை வைத்த உறையோடு வீட்டுக்கு வந்தார். ரகசியப் பராமரிப்புப் பணி, உடனே வரவும் என்று எழுதியிருந்தது. யாரோ ஓர் இளநிலை எழுத்தர், தர முகத்தோடு கப்பலில் வந்த பழைய அளவுச் சீட்டைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அவரை அன்றே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். எப்படியும் ஒரு நாள் தலைமையகத்துத் தணிக்கை வரும், அதற்குள் மூக்கைச் சத்தமில்லாமல் சரிபண்ணிவிட வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

"பழைய மூக்கு எப்படி இருந்துச்சு சார்? படம் ஏதாவது இருக்கா?" என்று வாரியத்துக்குப் போய்ச் சீலிங்காரர் கேட்டார்.

படம் எடுத்தால் போலி செய்துவிடுவார்கள் என்று படம் எடுக்கவே இல்லை. அளவுச் சீட்டை மறுபடி ரகசியக் காப்பறையில் பூட்டியாயிற்று, அதைக் காட்டக் கூடாது. தலைமையகத்துக்கு நாசூக்காக ஒரு கடிதம் எழுதி, மூல முகத்தின் அச்சு ஒன்று கேட்டிருந்தார்கள். பதிலும் வந்திருந்தது. 'எங்களிடம் உள்ளதும் சற்றுப் பழுதாகிவிட்டது. உங்களுடையது நல்ல நிலையில் இருந்தால் அதன் அச்சு ஒன்றை அனுப்பவும். மற்ற பதினெட்டு நாடுகளும் கேட்கின்றன.'

"நீ மூக்கப் பத்தி யோசிக்கவே வேணாம்" என்றார் இயக்குநர். "கைய வை. உலகப் பொதுவான விகிதம் தானா வந்துரும். அது இயற்கையோட விதி." சொல்லிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டாகத் திரும்பி ரொம்ப நேரம் நின்றார்.

துணை இயக்குநர் சீலிங்காரரைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நம்ம வெயில், நம்ம காத்து, நம்ம வரலாறு, இதெல்லாம் அந்த மூக்குல தெரியணும். உதாரணமா..." என்று அவரும் பக்கவாட்டாகத் திரும்பினார்.

மூன்று நாள் கெடு கொடுத்து, தர முகத்தோடு ஓர் அறையில் விட்டார்கள். பழசைக் கொத்தினால்தான் புதுப் பிளாஸ்டர் பிடிக்கும். சீலிங்காரர் உளியால் இரண்டு தட்டுத் தட்டினார், மிச்சம் இருந்த மூக்கும் கையோடு வந்துவிட்டது. முதல் நாள் இயக்குநரை நினைத்துக்கொண்டு ஒன்று வைத்தார். முகத்தில் யாரோ எதையோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. வழித்துப் போட்டார். இரண்டாம் நாள் துணை இயக்குநரை நினைத்து வைத்ததும் தேறவில்லை. மூன்றாம் நாள் யாரையும் நினைக்கவில்லை, கலவை இறுகுவதற்குள் முடிக்க வேண்டுமே என்கிற கவலையில் கை பாட்டுக்கு ஓடியது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒரு எட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

அக்காவின் மூக்கு. நடுவில் அந்தச் சின்ன மேடு. கரண்டுக் கட்டண ரசீதைப் படிக்கும்போது அக்காவின் கண்ணாடி சரிந்து சரிந்து வந்து அந்த மேட்டில்தான் நிற்கும்.

சீலிங்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேய்த்துக் கொஞ்சம் மாற்றிவிடலாம் என்று உப்புத்தாளை எடுத்தார். எந்த இடத்தைக் குறைப்பது என்று தெரியவில்லை. குறைக்க வேண்டிய இடம் என்று அதில் எதுவுமே இல்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்திலேயே இருந்த முகத்தை இவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்கிறோம், அதை ஒரு நாள்கூடச் சொன்னதில்லை என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது. மறு அளவீட்டுக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது என்பதையும் அவர் நினைக்காமல் இல்லை. உப்புத்தாளைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

குழு வந்து பார்த்தது. இயக்குநர் மூச்சை இழுத்துப் பிடித்தார். "பாத்தீங்களா? இதுதான் மூல மூக்கு. நான் சொன்ன விகிதம் இம்மி பிசகாம வந்திருக்கு." துணை இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார். "இந்த மேட்டப் பாருங்க. நம்ம வரலாறே இதுல இருக்கு." இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அன்றுவரை பதினோரு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று கடைநிலை ஊழியர் பிறகு சொன்னார்.

மறுநாள் காலை ஏழு காலிப்பர்களும் புது மூக்கைக் கவ்வி எழுந்தன. அன்று அளந்தவர்கள் எல்லோருக்கும் மூக்கு ஒரே இரவில் நாலரை மில்லிமீட்டர் சுருங்கியிருந்தது. மக்கள் மூக்கைக் கட்டுப்படுத்தப் பதினோரு ஆண்டுகளாக நடத்திய விழிப்புணர்வுப் பிரசாரம் மாபெரும் வெற்றி பெற்றதாக வாரியம் அறிக்கை விட்டது. போன மாதம் முதல் இடத்தில் தேறிய வங்கிக் காசாளருக்கு மூக்குப் போதவில்லை என்று கடிதம் போனது. அச்சு எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து பதினெட்டு நாட்டுக்கும் போனது. பதினெட்டு நாட்டுத் தர முகத்தையும் தனித்தனியாக அளந்து பார்த்து, எல்லாம் அச்சாக ஒன்றாக இருப்பதால் அழகு உலகப் பொதுவானது என்று நிரூபணமாகிவிட்டதாக இயக்குநர் ஒரு கட்டுரை எழுதினார். அத்தனை நாடும் நம் மண்ணின் அழகை ஏற்றுக்கொண்டுவிட்டதாகத் துணை இயக்குநர் இன்னொரு கட்டுரை எழுதினார்.

முப்பதாம் நாள் அக்கா மறு அளவீட்டுக்குப் போனார். சீலிங்காரர் எதையும் சொல்லியிருக்கவில்லை. சும்மா நடந்துட்டு வா என்று மட்டும் சொன்னார், கூடவே தானும் வந்தார்.

அளவை அலுவலர் அக்காவின் மூக்கைக் கவ்வினார். முள்ளைப் பார்த்தார். கருவியை உதறிவிட்டு மறுபடி கவ்வினார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். ஏழு பேரும் வந்து கவ்விப் பார்த்தார்கள். அக்காவுக்குத் தும்மல் வந்தது.

"பூஜ்யம்" என்றார் அலுவலர்.

"அப்ப பாஸா?" என்றார் அக்கா.

அப்படி இல்லையாம். விதி பதினேழு. விலகல் பூஜ்யம் என்பது தர முகத்துக்கு மட்டுமே உரியது. குடிமக்கள் தரத்தை நெருங்க முயலலாம், அடையக் கூடாது. குறைந்தது ஒரு மில்லிமீட்டராவது வித்தியாசம் இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் விசாரணைக் குழு கூடிவிட்டது. வாரியத்தின் மூக்கை அனுமதியின்றிப் படியெடுத்து அணிந்திருப்பதாக அக்காவின் பேரில் குற்றம் பதிவானது.

சீலிங்காரர் எழுந்தார். "சார், அவ எதையும் செய்யல. நான்தான் அவ மூக்க அதுல வச்சேன். எனக்கு வேற மூக்கு எதுவும் தெரியாது."

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார்.

"அதெப்படி?" என்றார் இயக்குநர். "தரம் காலங்காலமா இருக்கறது. உலகம் தோன்றுன நாளிலேர்ந்து அந்த விகிதம் இருக்கு. இந்தம்மா பொறந்தது எப்ப?"

"நாப்பத்தேழு வருஷம் ஆச்சு" என்றார் சீலிங்காரர்.

"அப்ப எது மொதல்ல? சொல்லுங்க."

"சமூகத்தோட ரசனைக்கு வயசு பல ஆயிரம் வருஷம்" என்றார் துணை இயக்குநர். "எங்க கணக்குப்படியும் இவங்க பின்னால வந்தவங்கதான். இவங்கதான் நகல்."

இரண்டு தத்துவங்களும் ஒத்துப்போய்விட்டதால் தப்பிக்க வழி இல்லாமல் போனது. ஒரே மாதிரி இரண்டு மூக்கு இருக்க முடியாது, இரண்டில் ஒன்றைக் குறைத்தாக வேண்டும் என்று குழு தீர்மானித்தது. குடிமகளின் மூக்கைக் குறைக்கச் சுகாதாரத் துறையின் அனுமதி வேண்டும், ஆறு மாதம் ஆகும். அதுவரை அக்கா மீட்டர் கிடங்கில் இருக்கலாம். தர முகத்தைக் குறைப்பது பராமரிப்புக் கணக்கில் வரும், அதற்கு இயக்குநரின் ஒரு கையெழுத்துப் போதும். இயக்குநருக்கு மூன்று மணிக்கு வேறு கூட்டம் இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

கண்ணாடிப் பெட்டியை மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார்கள். சீலிங்காரர் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார். பிளாஸ்டர் முகத்தைப் பார்த்தார். உப்புத்தாளை மூக்கின்மேல் வைத்தார். கை போகவில்லை. முப்பது வருஷத்தில் எத்தனையோ கூரையை இடித்துக் கொட்டியிருக்கிறார், இப்போது ஓர் இழுப்பு இழுக்க முடியவில்லை. குழு கடிகாரத்தைப் பார்த்தது.

"என்னங்க, குடுங்க இங்க" என்றார் அக்கா.

உப்புத்தாளை வாங்கினார். "ஒண்ணுக்கு மேல இருக்கணும், மூணுக்குள்ள இருக்கணும். ரெண்டுல வச்சிக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டு, பாத்திரம் தேய்க்கிற வேகத்தில் இரண்டு பக்கமும் தேய்த்தார். நடுவில் இரண்டு முறை நிறுத்தி அளக்கச் சொன்னார். அந்தச் சின்ன மேடு தூளாக மேஜைமேல் விழுந்தது. ஊதிவிட்டார்.

"விலகல் ரெண்டு மில்லிமீட்டர்" என்றார் அலுவலர். "தேர்ச்சி."

சான்றிதழை அங்கேயே கொடுத்தார்கள். 'மூக்கில் சிறு குறை உண்டு. பொதுமக்கள் பொறுத்துக்கொள்ளத் தக்கது' என்று எழுதி முத்திரை வைத்திருந்தது. அக்கா இரண்டாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். நாளைக்கு மேட்டுத் தெரு வால்வுக்கு ஆள் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்த ரிட்டயர்டு வாத்தியார் வந்து உயிரை எடுத்துவிடுவார் என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். சீலிங்காரர் ஊம் கொட்டவில்லை. வெளிச்சம் படுகிற பக்கமாக அக்காவின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?"

"நான் செஞ்சது சரியா வரல."

"பூஜ்யம்னு சொன்னாங்களே."

"அவங்களுக்கென்ன தெரியும். அவங்க அகலத்த மட்டும்தான் அளக்குறாங்க" என்றார் சீலிங்காரர். "இங்க பாரு, மேட்டுக்குக் கீழ லேசா ஒரு எறக்கம் வந்து, அப்புறம் நுனிகிட்ட திரும்புது. அத விட்டுட்டேன்." சொல்லிக்கொண்டே விரலை அந்த இடத்துக்குக் கொண்டுபோனார்.

"பஸ்ஸுல வச்சு என்னங்க இது" என்று அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். முழுசாகத் திரும்பவில்லை. அவருக்கு அந்த இறக்கம் தெரிகிற அளவுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் மிச்சம் வைத்தார்.